இலக்கம் நாற்பத்தேழு

மழை விட்ட மூன்றாம் நாள்
ஆய்வுகூட அலுமாரியின் அடித்தட்டில்
பிளாஸ்டர் வெடித்து
ஒரு வேட்டைப்பல் கழன்று கிடந்தது.

பன்றி மண்டையோடு.
சீட்டில் கறையான் விட்டுவைத்தது
"செலெ" மட்டும்.
பன்னிரண்டாம் வகுப்புக்கு வருசா வருசம்
காட்டுப்பன்றி என்றே காட்டினேன்.
பிள்ளைகள் கீறினார்கள்,
பல் வாயோரம் இறங்கி வெளியே வளைய.
சரி போட்டிருக்கிறேன்,
சிவப்பு மையால்,
பதினொரு வருசம்.

எடுத்துப் பொருத்தினால்
பொருந்தவில்லை.
பிளாஸ்டரைச் சுரண்டச் சுரண்ட
பல்லின் குழி
வாய்ப்பக்கம் இல்லை.
மூக்கெலும்பின் மேலே
வானம் பார்த்திருந்தது.

இருப்புப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினேன்.
பதினேழு மூன்று அறுபத்தொன்பது.
"பன்றியின் மேற்பல் இரண்டும்
தலைகீழாக இருந்தன. திருத்தப்பட்டது.
சூ. அருளப்பு, ஆய்வுகூட உதவியாளர்."
உருண்டை உருண்டையாய், அடித்தல் இல்லாத எழுத்து.

பாசையூரில் இருந்து சைக்கிளில் வந்திருப்பார்.
பூநகரிப் பக்கம் சுட்ட பன்றி
லொறியில் வந்திறங்கும் காலம்.
பன்றிப் பல் எங்கே முளைக்கும் என்று
அவருக்கு நன்றாகத் தெரியும்.
அந்தத் தெரிதல்தான்
பல்லைப் பிடுங்கி
அடியை அரத்தால் கொஞ்சம் அராவி
பூசிக் காயவிட்டு
கைகழுவிக்கொண்டு போயிருக்கிறது.

இரவு, கொக்குவிலில் கரண்ட் போனபின்
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.
சுலாவெசி. ஈரக் காடு.
அந்த ஊர்ப் பேச்சில் அதன் பெயருக்குப்
பன்றிமான் என்று பொருள்.
ஆணின் மேற்பல்
கீழே இறங்குவதே இல்லை.
மூக்குத் தோலைத் தானே துளைத்து
மேலே வந்து
பின்னுக்கு வளைந்து
நெற்றியைத் தேடிப் போகும்.
எதற்கு?
சண்டைக்கு என்றால் சட்டென்று முறியும்.
எதற்கென்று இன்னும்
ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
தேயாமல் நீண்டால்
சிலவேளை
சொந்த மண்டையிலேயே போய்க் குத்தும்.
குத்திக்கொண்டும்
வளரும்.

இறுகிய நிலத்தைக் கிண்டாதாம்.
அதற்கான எலும்பு மூக்கில் இல்லை.
சேறு வேண்டும்.
எங்கள் சுண்ணாம்புக் கல்லில்
ஒரு பகல் தாங்காது அது.
மேசைமேல் ஐம்பது வருசம்
பிழையான வாயோடு இருந்துவிட்டது.

மறுநாள் அரல்டைட் குழைத்து
இரண்டு பல்லையும்
மேல்நோக்கி நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வகுப்பு சிரித்தது.
"ரீச்சர், பல்லைப் பிழையா வைச்சிட்டீங்கள்."
இது நிரோஜினி.
"சோதினையில வந்தா
எப்பிடிக் கீறுறது?"

வாய் திறந்தேன்.
பசை இறுகவில்லை, கை எடுக்க ஏலாது.
மறுமொழியும்
இறுகவில்லை.

பின்வாங்குத் துசியந்தன் எழும்பி வந்து
பல்லின் நுனிக்கும் நெற்றிக்கும் நடுவே
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.
"போகுது" என்றான்.
எடுத்தான்.
அந்த விரலைக் கொஞ்ச நேரம்
மற்றக் கையால் பொத்தி வைத்திருந்தான்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றரைக்குப் பதிவேட்டை விரித்து
திகதி போட்டேன்.
"திருத்த" வரை எழுதிப்
பேனை நின்றது.
அவருடைய சொல் அது.
வெட்டிவிட்டு எழுதினேன்:
"மேற்பல் மேல்நோக்கித்தான்.
அராவிப்போன அடி கிடைக்கவில்லை.
பெயர் தெரிந்தது."

உள்ளே வைக்கப் போனால்
மேல்தட்டு இடித்தது.
ஆணிகளைக் கழற்றி
பலகையை
ஒரு துளை உயர்த்தினேன்.